மானும் துப்பாக்கிக் குண்டும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியின் வேட்டைத் திறத்தை வன்பரணர் பாடிய புறநானூற்று 152 ஆம் பாட்டைக் கற்பிக்குந்தோறும் மாணாக்கர் ஒரு வினாவைத் தவறாது எழுப்புவர். அவன் எய்த அம்பு யானையை வீழ்த்திப் புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்கியதென்று புலவர் கூறுகின்றார். ‘ஓர் அம்பு இவ்வளவு செய்யுமாயின், இக்காலத் துப்பாக்கிக் குண்டு எவ்வளவு செய்யும்?’ என்பதே அவ்வினா. துளைத்துச் செல்லுதலே ஆற்றலென்று கொண்டு அவர்கள் இவ்வாறு வினவுகின்றனர். வேட்டைக் குண்டின் தகுதியை அளக்கும் கோல் அதுவன்று என்பதை ஈண்டு விளக்க முயல்வோம்.

பெரிதுமன்றிச் சிறிதுமன்றி இடைத்தரமான விலங்கொன்றை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் காடுகளில் ‘பாலோ’ என்னும் மானினம் வாழ்கின்றது. நன்கு வளர்ந்த ஆண்மான் ஏறத்தாழ 150 இறாத்தல் நிறையுடையது. மானைக் கொன்றுண்ட ஓநாய்கள் அந்நாட்டில் அற்றொழிந்து பல நூற்றாண்டுகளாகிவிட்டன. அதனால் மான்கள் பெருகி இளமரங்களைத் தின்றழிக்கின்றன. அவற்றின் தொகையைக் குறைக்கும் பணி துப்பாக்கியின்பாற்பட்டதாயிற்று.

அமெரிக்கர் 1906 ஆம் ஆண்டிற் படைக்கெனக் கொண்டு, பின்னர் வேட்டைக்காரர் பெரிதும் கையாளும் ‘.30-06’ என்னும் தோட்டாவை உதாரணமாகக் கொள்வோம். அதிலுள்ள 150 கிறெயின் குண்டு, அஃதாவது பத்துக் கிராமுக்குச் சற்றே குறைந்த ஈயமும் செம்பும், வினாடிக்கு ஏறத்தாழ 2,900 அடி வேகத்தில் றைபிளின் வாயை விட்டுப் புறப்படும். அப்போது அதன் சக்தி ஏறத்தாழ 2,800 அடி-இறாத்தல். 300 யார் சென்றபின் வேகம் வினாடிக்கு 2,100 அடியளவிற்குக் குறையும். சக்தியோ ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

இத்துணைச் சக்தி மானைத் தூக்கியெறியும் என்று பலர் எண்ணுவர். அது பிழை. நியூற்றனின் மூன்றாம் விதிப்படி, குண்டு பெறும் உந்தத்திற்கு நிகரான உந்தம் சுடுபவன் தோளையும் பின்னோக்கித் தள்ளுகின்றது. சுடுபவனைத் தூக்கியெறியாத உந்தம் மானை மட்டும் எவ்வாறு எறியும்? கணக்கிட்டுப் பார்ப்பின், முழு வேகத்திற் சென்ற குண்டு முற்றும் உடலிலேயே தங்கினாலும், அந்த மான் வினாடிக்கு ஐந்து அங்குல வேகத்தில் நகரும், அவ்வளவே.

அங்ஙனமாயின் மான் எவ்வாறு இறக்கின்றது? மூளையோ முதுகுத்தண்டின் மேற்பகுதியோ சிதையின் நின்றவிடத்திலேயே வீழும். ஏனைய இடங்களிற் குருதியிழப்பே சாவுக்குக் காரணம். நெஞ்சறையிலுள்ள இதயமும் நுரையீரலும் பெரிதும் கிழிபடின், மூளைக்குச் செல்லும் குருதி குன்றி, மான் சில வினாடிகளில் உணர்விழக்கும். அதற்குள் அது பல யார் ஓடிவிடுதலும் உண்டு. எனவே குண்டு உள்ளே உண்டாக்கும் புண்ணின் அகலமும் ஆழமுமே அவ்வுயிரின் வேதனை வினாடிக்கணக்கில் முடியுமா, மணிக்கணக்கில் நீளுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

இனி, குண்டின் அமைப்பை நோக்குவோம். புகையில்லா வெடிமருந்தைப் பிரான்சியராகிய போல் வியேல் 1884 ஆம் ஆண்டில் ஆக்கினார். அது தந்த பெருவேகத்தை வெற்று ஈயம் தாங்காது. றைபிளின் உள்வரிகளில் உரைந்து கெட்டுவிடும். சுவிற்சர்லாந்துப் படையதிகாரி எதுவார்ட் றூபின் 1882 இலேயே வகுத்திருந்த செப்புப் போர்வையுடைய குண்டு இதற்கு ஏற்றதாயிற்று. ஆயின் நுனிவரை போர்த்த குண்டு உருக்குலையாமல் உடலை ஊடுருவிச் சென்றது. 1895 ஆம் ஆண்டுச் சித்திரால் போரில் இக்குண்டுகள் எதிரியைத் தடுத்து நிறுத்தவில்லை என்று பிரித்தானியப் படையினர் முறையிட்டனர். அதன்பின் கல்கத்தாவுக்கு அணித்தான டம் டம் படைக்கலச் சாலையில், நுனியில் ஈயம் வெளித்தெரியும் குண்டு செய்யப்பட்டது. அது உடலினுட் சென்றதும் விரிந்து பெரும்புண் உண்டாக்கியது. உலகம் அதனைக் கண்டு அருவருத்தது. 1899 ஆம் ஆண்டில் ஹேக் நகரிற் கூடிய மாநாடு, மனித உடலில் எளிதாக விரியும் குண்டுகளைப் போரிற் கையாளலாகாதென்று பிரகடனம் செய்தது.

மானுக்கெனச் செய்யப்படும் குண்டும் இவ்விரியும் குண்டே. நுனியிலுள்ள மெல்லீயம் ஈரமான தசையில் மோதும்போது, எதிர்த்தழுத்தும் நீர்மம் அதனைப் பின்னோக்கி மடிக்கின்றது. போர்வை வாழைப்பூ மடல்போல விரிய, குண்டு காளான் வடிவாகின்றது. விட்டம் இருமடங்காயின் முகப்பின் பரப்பு நான்மடங்காகும். அதற்கேற்பக் குண்டின் சக்தியும் விரைந்து உடலினுள்ளே செலவாகும்.

இங்கே இரு பிழைகள் நேரலாம். குண்டு மிகக் கடினமாயின் விரியாது, ஊசிபோற் புகுந்து அப்புறம் போய்விடும். மான் நெடுந்தூரம் ஓடி, எவரும் காணாத புதரில் மெல்ல மெல்ல மாயும். மிக மென்மையாயின் தோளெலும்பிற் பட்டவுடன் நொறுங்கி, மேற்புண்ணை மட்டுமே உண்டாக்கும். 1946 ஆம் ஆண்டிற் கனடாவிலே மூஸ் என்னும் பெரிய மானினத்தை வேட்டையாடிய ஜோன் நொஸ்லர், தம் குண்டு அதன் தோளில் இவ்வாறு பயனிழந்ததைக் கண்டார். அதன்பின் அவர் குண்டின் நடுவே செப்பினாற் குறுக்குச்சுவர் வைத்தார். முற்பகுதி விரியும், பிற்பகுதி கட்டுக்குலையாமல் ஆழச் செல்லும். அளவாக விரிந்து, உயிர்நிலைகளைக் கடந்து, வேண்டுமாயின் மறுபுறம் வெளிப்படுவதே நல்ல குண்டு. வெளிப்படுங்கால் ஒழுகும் குருதித் தடம் வேட்டைக்காரன் பின்தொடர்ந்து செல்லவும் உதவும்.

ஈண்டு ஒரு முரண்பாடு தோன்றும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1991 ஆம் ஆண்டின் மான்கள் சட்டம், மானைச் சுடும் றைபிள் குண்டு மென்னுனியோ குழிநுனியோ உடையதாகவே இருத்தல் வேண்டுமென்று விதிக்கின்றது. பெரிய மான்களுக்கு றைபிளின் வாயிற் குறைந்தது 1,700 அடி-இறாத்தல் சக்தியும் வேண்டும் என்கின்றது. மனிதனுக்கு ஆகாதென்று விலக்கப்பட்டதே மானுக்கு ஆகுமென்று கட்டாயமாக்கப்பட்டது எங்ஙனம்? இரண்டிற்கும் அடிப்படை வேதனையைக் குறைத்தலே என்க. போரிற் காயமுற்றவன் களத்தை விட்டு நீங்கினாற் போதும். அவனைத் தூக்கிச் செல்லத் தோழரும், ஆற்ற மருத்துவரும் உண்டு. ஆதலின் அவன் புண் சிறிதாதல் நன்று. காயமுற்ற மானுக்கு மருத்துவர் இல்லை. அதன் புண் சிறிதாயின் வேதனை நெடிதாகும். கருவி ஒன்றே, யார்மேல், எதன்பொருட்டு என்பதை நோக்கியே அதன் நன்மை தீமை அமைகின்றது.

எனினும், எந்தக் குண்டும் சுடுபவனின் பொறுப்பைத் தான் ஏற்காது. மானின் நெஞ்சறையிற் குறிவைக்கத்தக்க இடம் ஏறத்தாழ எட்டங்குல வட்டமே. வயிற்றிற் பட்ட மிகச் சிறந்த குண்டைவிட நுரையீரலிற் பட்ட எளிய குண்டு இரக்கமுடையது. தூரம் மிகுந்து வேகம் குறைந்தால் நல்ல குண்டும் விரியாது. ஆதலின் எவ்வளவு தூரத்திற் சுடலாகாது என்று அறிதலும் வேட்டைக் கல்வியின் பகுதியாகும்.

இன்னொரு பொறுப்பும் உண்டு. விரியும் ஈயக்குண்டு நுண்துகள்களை இறைச்சியிலும் குடலிலும் சிந்துகின்றது. கலிபோர்ணியாவின் கொண்டோர் என்னும் பெருங்கழுகினம், 1982 ஆம் ஆண்டில் 22 பறவைகளளவிற்கு அருகியது. வேட்டைக்காரர் விட்டுச்சென்ற மிச்சத்தைத் தின்று ஈயநஞ்சேறி இறப்பது அவ்வினத்திற்கு இன்றும் பெருங்கேடாக உள்ளது. அதனால் 2019 ஆம் ஆண்டு யூலை முதலாந் தேதி தொடக்கம் அம்மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக்குண்டு முற்றாக விலக்கப்பட்டது. முழுதும் செப்பினாலாகி, நுனியிற் குழியிட்ட குண்டுகள் அதன் இடத்தைப் பெற்றன. குறிவைத்த உயிரோடு குண்டின் தொழில் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

கொல்லாமையை அறமெனப் போற்றும் கல்லூரியின் மலரிற் குண்டைப் பற்றி எழுதுதல் தகுமோவெனிற் தகும் என்போம். யாம் வேட்டையைப் புகழ வந்தோமல்லேம். ஒரு பிழையான குண்டால் ஓர் உயிர் எவ்வளவு நேரம் துன்புறும் என்பதைக் கணக்கிட்டு அறிந்தவன், துப்பாக்கியை எளிதில் எடுக்கமாட்டான். எடுக்க வேண்டி நேரின் அளவறிந்து எடுப்பான். ஓரியின் அம்பைப் பற்றி இனி வினவும் மாணாக்கருக்கு எம் விடை இதுவே: எத்தனை உடலைத் துளைத்தது என்று கேளாதீர்; துளைபட்ட உயிர் எத்தனை வினாடி துடித்தது என்று கேளுங்கள்.