நெருஞ்சி

நெருஞ்சி என்பது தரையோடு படர்ந்து வளரும் சிறிய ஓராண்டுத் தாவரம். இதன் அறிவியல் பெயர் டிரிபுலசு டெரசுட்ரிசு. 1753ஆம் ஆண்டு லின்னேயசு இப்பெயரை வெளியிட்டார். இது சைகோபில்லேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்கா, தெற்கு ஐரோப்பா, ஆசியா ஆகியவற்றின் வெப்பமான, வறண்ட நிலங்களில் இயல்பாக வளர்கிறது. தமிழ்நாட்டில் தரிசு நிலங்கள், மணற்பாங்கான இடங்கள், பாதையோரங்களில் காணலாம். நெருஞ்சி என்றதும் முள்ளே நினைவுக்கு வந்தாலும், இதன் தண்டிலோ இலையிலோ முள் இல்லை. முள் கனியில் மட்டுமே உண்டு.

தண்டும் இலையும்

ஆணிவேரின் தலைப்பகுதியிலிருந்து மெல்லிய கிளைகள் நாற்புறமும் பரவும். இவை ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை நீளக்கூடும். இலைகள் எதிரெதிராக அமைந்த கூட்டிலைகள். ஓர் இணையில் ஒன்று மற்றதைவிடப் பெரியதாக இருக்கும். சிற்றிலைகளில் பட்டுப் போன்ற மென்மயிர்கள் உள்ளன. நெருஞ்சி சி4 வகை ஒளிச்சேர்க்கை செய்வதால், கடும் வெயிலிலும் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தி வளர்கிறது.

மலர்

இலைக்கோணத்தில் மஞ்சள் நிறப் பூக்கள் தனித்தனியாகத் தோன்றும். ஒரு பூவின் அகலம் ஏறத்தாழ 1 செ.மீ. புல்லி இதழ்கள் 5, அல்லி இதழ்கள் 5, மகரந்தத்தாள்கள் 10. காலையில் விரியும் பூ அன்றே வாடிவிடும். பூச்சிகள் வராவிட்டாலும் தன் மகரந்தச்சேர்க்கையால் காய் பிடிக்கும்.

கனியும் முள்ளும்

இதழ்கள் உதிர்ந்ததும் பூவின் நடுவிலிருந்த சூலகமே முட்கனியாக வளர்கிறது. முற்றிய கனி 5 துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நீண்ட முட்களும் இரண்டு குட்டை முட்களும் இருக்கும். துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும். பழங்காலப் போர்களில் குதிரைகளைத் தடுக்கத் தரையில் இறைத்த இரும்பு முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே டிரிபுலசு என்னும் பெயர் வந்தது.

விலங்குகளின் காலிலும் வண்டிச் சக்கரத்திலும் குத்திக்கொண்டு கனித்துண்டுகள் தொலைவுக்குச் செல்கின்றன. ஆகவே முள் இத்தாவரத்திற்குப் பாதுகாப்பு மட்டுமன்று, விதை பரப்பும் கருவியும் ஆகும். துண்டின் கெட்டியான சுவருக்குள் இருக்கும் விதைகள் எல்லாம் ஒரே பருவத்தில் முளைப்பதில்லை. சில மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கும்.

இலக்கியத்தில்

குறுந்தொகை 202ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், முன்பு இனியவனாக இருந்து பின் துன்பம் தரும் தலைவனுக்கு நெருஞ்சியை உவமையாக்குகிறார். பூவே பின்னர் முள்ளாகும் இயல்பு இவ்வுவமையில் துல்லியமாகப் பதிவாகியுள்ளது.

யானை நெருஞ்சி

பெயர் ஒத்திருந்தாலும் யானை நெருஞ்சி வேறு தாவரம். அது எள் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலை தனியிலை, பூ குழல் வடிவானது, கனி பெரியது. கனியின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முள் இருக்கும். இரண்டும் சித்த மருத்துவத்தில் பயன்படுவதால், வாங்குவோர் வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

பயனும் தீங்கும்

சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் நீர்க்கடுப்பு போன்ற சிறுநீர்க் கோளாறுகளுக்கு நெருஞ்சி தரப்படுகிறது. ஆண்மை இயக்குநீரைக் கூட்டும் என்று விற்கப்படும் நெருஞ்சி மாத்திரைகளின் அந்தக் கூற்றை மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. தென்னாப்பிரிக்காவில் இதை மிகுதியாக மேயும் ஆடுகளுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டு, வெயில் பட்டால் முகம் வீங்கும் நோய் வருகிறது.

வட அமெரிக்காவில் மிதிவண்டிச் சக்கரங்களைப் பஞ்சராக்கும் களையாக இது பரவியது. இதைக் கட்டுப்படுத்த 1961இல் இத்தாலியிலிருந்து இருவகைக் கூன்வண்டுகள் அங்குக் கொண்டுவரப்பட்டன. ஒன்று விதையையும் மற்றது தண்டையும் தாக்கும். சிறு நிலங்களில் காய் முற்றும் முன்பே செடியை வேரோடு பிடுங்குவது எளிய வழி.