அசைவூட்டப்படத்தில் ஒலியும் இசையும்

நேர்காட்சியைப் படம்பிடிக்கும் இயக்குநர், காட்சியோடு அவ்விடத்தின் ஒலியையும் பதிவுசெய்ய இயலும். காற்றின் இரைச்சலும் தொலைவில் குரைக்கும் நாயின் குரலும் அழைக்காமலே வந்து சேரும். அசைவூட்டப்படத்திற்கு அவ்வாய்ப்பு இல்லை. வரையப்பட்ட உலகில் கேட்கும் ஒவ்வோர் ஒலியும் படைப்பாளர் தேர்ந்தெடுத்ததே. ஆகவே, ஒலியைத் தேர்வது இறுதியில் செய்யும் ஒப்பனை அன்று; அது கதை சொல்லும் பணியின் ஒரு பகுதியாகும்.

வால்ட் டிஸ்னியின் 'ஸ்டீம்போட் வில்லி' 1928ஆம் ஆண்டு வெளிவந்தது. அசைவும் இசையும் ஒரே தாளத்தில் இயைந்தமையால் அப்படம் பெரும்புகழ் பெற்றது. பாத்திரத்தின் ஒவ்வோர் அசைவையும் இசை பின்தொடரும் முறை, அதன் நாயகன் பெயராலேயே 'மிக்கி மவுசிங்' என வழங்கலாயிற்று. கனடாவில் பணியாற்றிய நார்மன் மெக்லாரன், படச்சுருளின் ஒலித்தடத்தில் நேரடியாகக் கோடுகள் வரைந்து, இசைக்கருவியின்றியே ஒலி எழுப்பினார்.

மாணவர் ஒருவர் இரண்டு நிமிடப் படம் உருவாக்குவதாகக் கொள்வோம். பூட்டிய வீட்டின் மின்விசிறிமேல் சிட்டுக்குருவி கூடு கட்டியிருக்கிறது. ஊரிலிருந்து திரும்பிய சிறுமியின் கை மின்விசையை நோக்கி நீள்கிறது. இப்படத்திற்கு எவ்வாறு ஒலி சேர்ப்பது?

முதலில் படத்தை ஒலியின்றிப் பார்த்து, ஒலி தேவைப்படும் இடங்களை நொடிக்கணக்கோடு பட்டியலிட வேண்டும். அவற்றைச் சூழலொலி, செயலொலி, இசை என மூன்றாகப் பகுத்தல் நலம். வீட்டின் அமைதியும் தெருவின் மெல்லிய இரைச்சலும் சூழலொலி. சிறகடிப்பு, கதவின் கிறீச்சிடல் முதலியன செயலொலி. செயலொலியைத் தனியே உருவாக்கும் கலை, ஜாக் ஃபோலி என்னும் கலைஞரின் பெயரால் 'ஃபோலி' எனப்படுகிறது. தோல் கையுறைகளை உதறினால் சிறகடிப்பு கிடைக்கும். கொட்டாங்கச்சிகளைத் தட்டினால் குதிரைக் குளம்பொலி பிறக்கும். கைப்பேசியும் அமைதியான அறையும் இருந்தால் மாணவர்களும் இவற்றைப் பதிவுசெய்யலாம்.

அடுத்தது காலப்பொருத்தம். திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. நிமிடத்திற்கு 120 தட்டுகள் கொண்ட இசையில் ஒரு தட்டுக்கு அரை நொடி, அதாவது 12 சட்டகங்கள். இக்கணக்கை அறிந்தால், வரையும்போதே அசைவைத் தாளத்தோடு பொருத்தலாம்.

புகழ்பெற்ற திரைப்பாடலைச் சேர்த்துவிடலாமே என்னும் எண்ணம் எழக்கூடும். அதில் இரண்டு இடர்கள் உள்ளன. பார்ப்பவர் குருவியை மறந்து, அப்பாடல் இடம்பெற்ற படத்தை நினைத்துக்கொள்வர். மற்றொன்று பதிப்புரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, இசையமைப்பின் உரிமை இசையமைப்பாளர் மறைந்தபின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. 1847இல் மறைந்த தியாகராசரின் கீர்த்தனையை நாமே குழலில் வாசித்துப் பதிவுசெய்யத் தடையில்லை; ஆனால், அண்மையில் வெளியான அதன் ஒலிப்பதிவை எடுத்தாள அனுமதி வேண்டும். 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமம் பெற்ற இசையிலும் நிபந்தனைகளைப் படித்தறிதல் வேண்டும். 'மாற்றம் கூடாது' என்னும் நிபந்தனையுள்ள இசையைப் படத்தோடு இணைத்தலும் மாற்றமாகவே கருதப்படும்.

இனிச் சிறுமியின் கைக்கு வருவோம். அங்கே விரைவான மேளம் ஒலித்தால் காட்சி வேடிக்கையாகிவிடும். சோகமான வயலின் ஒலித்தால், நிகழும் முன்பே முடிவைச் சொல்லிவிடும். மாறாக, இசை முற்றும் நின்று குஞ்சுகளின் மெல்லிய கீச்சொலி மட்டும் எஞ்சுமாயின், விசையின் 'டக்' ஓசை கேட்குமோ, சிறுமி நிமிர்ந்து பார்ப்பாளோ என அரங்கமே செவிசாய்க்கும். அந்த அமைதியும் படைப்பாளர் தேர்ந்த ஒலியே ஆகும்.