அம்மா ஏன் பேசாமல் இருக்கிறா?

படுவான்கரையில் வயலும் மாடும் வைத்திருந்து, வாவி கடந்து இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். 1990இலும் 2007இலும் இப்படி எத்தனையோ குடும்பங்கள் ஓடின. தகப்பனுக்கு வெள்ளாமை இல்லை. சிறு சத்தத்திற்கும் எரிந்து விழுகிறார். தாய் விடிந்தும் பாயை விட்டு எழும்புவதில்லை. மூத்த மகள் தேத்தண்ணி வைத்து, தம்பிமாரைக் குளிப்பாட்டுகிறாள். பள்ளிக்கூடம் போவது குறைகிறது. அடுத்தவன் கண்டவனோடெல்லாம் அடிபடுகிறான். கடைக்குட்டி இரவில் பாயை நனைக்கிறது.

அயலவர் சொல்வது என்ன? "தாய் சோம்பேறி, பொடியன் காவாலி." உண்மை அதுவல்ல. பெற்றோரைப் பிடித்தது மனச்சோர்வு என்னும் நோய். துக்கம், எதிலும் விருப்பமின்மை, நித்திரையும் பசியும் கெடுதல் ஆகியவை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் அதைக் கவனிக்க வேண்டும். ஆண்களிடம் அது கோபமாகவும் குடியாகவும் வெளிப்படுவதுண்டு.

கைக்குழந்தை தாயின் முகம் பார்த்தே சிரிக்கப் பழகுகிறது. அந்த முகம் மௌனமானால் குழந்தையும் ஒடுங்குகிறது. சற்று வளர்ந்த பிள்ளை, "என்னால்தான் அம்மா இப்படி" என்று எண்ணுகிறது. முரட்டுப் பிள்ளையை எல்லோரும் காண்கிறோம். வீட்டுச் சுமையைச் சத்தமின்றிச் சுமக்கும் "நல்ல பிள்ளை"யின் வேதனையோ எவர் கண்ணிலும் படுவதில்லை.

1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், யுத்தத்தால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் களிமண்ணாலும் வர்ணத்தாலும் கதையாலும் தம் மனதைத் திறந்தார்கள். பிள்ளைக்கு விளையாட்டும் ஒரு மொழி. ஆனால் மாலையானதும் பிள்ளை வீட்டுக்குத்தானே திரும்புகிறது? ஆகவே பெற்றோர் சுகப்படுவதே பிள்ளைக்கும் மருந்து.

பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் செய்த ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு, பயிற்சி பெற்ற கிராமச் சுகாதாரப் பெண்கள் சென்று பேசி வந்தார்கள். பிள்ளைக்கு ஆறு மாதமானபோது, அத்தாய்மாரில் 100க்கு 23 பேரிடமே சோர்வு எஞ்சியிருந்தது. இந்தப் பயிற்சி இல்லாதவர்கள் சென்று பார்த்த தாய்மாரிலோ 53 பேர். முதற் கூட்டத்தாரின் குழந்தைகளுக்கு வயிற்றோட்டமும் குறைவு.

நாம் செய்யக்கூடியவை:

• பிள்ளையிடம் ஒளிக்க வேண்டாம். "அம்மாவுக்குச் சுகமில்லை. அது உன் குற்றமல்ல. மருந்தெடுத்தால் சுகம் வரும்" என்று சொல்லுங்கள்.

• அம்மம்மா, மாமி, ஆசிரியர் என யாராவது ஒருவர் நாளாந்தம் அரைமணி நேரம் பிள்ளையோடு இருங்கள்.

• சாப்பாடு, பள்ளி, நித்திரை ஆகியவற்றின் நேரம் மாறாமல் பாருங்கள்.

• நோயாளியை "போ" என்று அனுப்பாமல் கூடவே செல்லுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. 1926 என்ற இலக்கத்திலும் பேசலாம்.

• சாவைப் பற்றிப் பேசுபவரைத் தனியே விடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தை வீட்டிலிருந்து அகற்றுங்கள்.

வெள்ளத்தில் வரம்பு உடைந்தால் பக்கத்து வயற்காரரும் மண்வெட்டியோடு ஓடி வருவார். பக்கத்து வீட்டுத் தாய் உடைந்திருக்கையில் நாம் எங்கே நிற்கிறோம்? அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுங்கள்.