நிலம், நாற்காலி, நூல்: புதுப்பாளையம் காட்டும் அளவுகோல்

1925 பிப்ரவரியில் திருச்செங்கோடு வட்டம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியது. நடத்தப் பொறுப்பேற்றவர் ராஜாஜி. திறந்துவைத்தவர் ஈ.வெ.ராமசாமி, பின்னாளில் நாம் பெரியார் என்று அழைத்தவர். ராஜாஜி சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர், ஈ.வெ.ரா. ஈரோடு நகரசபைத் தலைவராக இருந்தவர். இருவரும் கதருக்காகக் கிராமம் தேடி வந்திருந்தார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தவர் அவ்வூர் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர்.

அரசியல், நிலம், சமூகத் தொழில் மூன்றும் அன்று ஓரிடத்தில் கூடின. இன்று சேலம், நாமக்கல் பக்கம் ஒருவரே கட்சிப் பொறுப்பிலும் மனை வியாபாரத்திலும் அறக்கட்டளையிலும் இருப்பது சகஜம். அதில் தவறு ஒன்றும் இல்லை. அப்படிப்பட்டவரை எதைக்கொண்டு அளப்பது என்பதுதான் கேள்வி. அவர் கைக்கு வந்த நிலத்தில் எவ்வளவு பொதுவுக்குப் போனது, அவர் தொடங்கிய வேலை அவர் பதவி போன பிறகும் நடக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தால் போதும் என்பேன்.

சேலத்து நாற்காலி

ராஜாஜி 1900-ல் சேலத்தில் வக்கீலாகத் தொழில் தொடங்கினார். நல்ல பெயர், நல்ல வருமானம். 1911-ல் நகரசபை உறுப்பினர். 1917 முதல் 1919 வரை தலைவர். சேலம் நகரசபைக்குத் தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து முதல் உறுப்பினர் வந்தது அவர் காலத்தில்தான். அக்ரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலைக்கு அதே சமூகத்து ஊழியரை அனுப்பியபோது எதிர்ப்புக் கிளம்பியது, ராஜாஜி விட்டுக்கொடுக்கவில்லை. தெருக் குழாயில் வரும் தண்ணீரை யார் திறப்பது என்பதும் அரசியல்தான் என்பதை ஊர் அன்று கண்டது.

ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் வக்கீல் தொழிலை விட்டார், சிறைக்கும் போனார். அதன் பிறகு வந்ததுதான் புதுப்பாளையம்.

நூல் நிறுத்த நாட்கள்

திருச்செங்கோடு வட்டம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் காட்டில் வேலை இல்லை; பெண்கள் கையில் காசு இல்லை. ஆசிரமம் அவர்களுக்குப் பஞ்சு கொடுத்தது. ராட்டையில் நூற்ற நூலைச் சிட்டமாகக் கட்டிக்கொண்டு சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்கள் வருவார்கள். எடை பார்த்து, நூலின் சீர் பார்த்துக் கூலி கொடுப்பார்கள். அடுத்த முறைக்குப் பஞ்சும் கொடுத்தனுப்புவார்கள். அந்த நூல் நெசவாளர் தறிக்குப் போகும். நெய்த துணி சாயமேறிக் கதர்க்கடைக்குப் போகும். விற்ற பணம் மறுபடி பஞ்சாகத் திரும்பும்.

இன்று சமூகத் தொழில்முனைவு என்று கல்லூரிகளில் சொல்லித்தருவது இதைத்தான். தானத்தை நம்பியே ஓடும் சேவை, தருகிறவர் கை ஓய்ந்தால் நின்றுவிடும். வாங்கவும் விற்கவும் தெரிந்த சேவைக்கு அந்தப் பயம் குறைவு. வாங்கிய பஞ்சுக்கும் கொடுத்த கூலிக்கும் கணக்கு இல்லாமல் இந்தச் சக்கரம் ஒரு மாதம்கூடச் சுற்றியிருக்காது.

ஆசிரமத்தின் அடுத்த வேலை மதுவிலக்கு. நூற்றுச் சேர்த்த கூலி கள்ளுக்கடைக்குப் போனால் என்ன பயன்? 1929-ல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ பத்திரிகை தொடங்கியது. ராஜாஜி ஆசிரியர், கூட இருந்து உழைத்தவர் எழுத்தாளர் கல்கி.

கோட்டையும் ஆசிரமமும்

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். அக்டோபர் 1-ம் தேதி, மாகாணத்திலேயே முதல் மாவட்டமாகச் சேலத்தில் மதுவிலக்கு வந்தது. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி. கிராமத்துக் கடனையும் கள்ளையும் பக்கத்திலிருந்து பார்த்தவர் போட்ட சட்டங்கள் இவை.

அவர் எல்லா முடிவிலும் சரியாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். முதலமைச்சராக 1953-ல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு அதை எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர், ஆசிரமத்தைத் திறந்துவைத்த அதே பெரியார். எதிர்ப்பு நியாயமானது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது.

பதவி வந்தது, போனது. புதுப்பாளையம் ஆசிரமம் இன்றும் இருக்கிறது, கதரும் விற்கிறது.

சூரமங்கலத்தின் கேள்வி

இனி நிலம் என்ற அளவுகோலை இன்றைய ஊரில் வைத்துப் பார்ப்போம். சேலம் ஜங்ஷனைச் சுற்றி வளர்ந்த சூரமங்கலம் ஒரு காலத்தில் தனி ஊர்; இன்று சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்று. ஸ்டீல் பிளான்ட் வந்தது, சாலைகள் அகன்றன, விளைநிலங்கள் மனைகளாயின. வீடு வேண்டும், அதற்கு மனை வேண்டும். விற்பவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் பொதுவுக்கு ஒதுக்கிய நிலம் என்ன செய்யும் என்பதற்குச் சூரமங்கலத்திலேயே சாட்சி உண்டு. உழவர் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். 1999-ல் மாநிலத்தில் தொடங்கிய திட்டம் அது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி தன் காய்கறியைத் தானே கொண்டுவந்து, தரகர் இல்லாமல், அன்றைக்குப் பலகையில் எழுதிய விலைக்கு விற்கிறார். தராசுக்கும் கடைக்கும் வாடகை இல்லை. அரசு கொடுத்தது இடமும் ஒழுங்கும்தான். பிழைப்பை விவசாயி பார்த்துக்கொள்கிறார்.

பெரிய மனைப்பிரிவு போடுகிறவர், 10 சதவீத நிலத்தைப் பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற பொதுப் பயனுக்கு ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தரவேண்டும் என்று விதி இருக்கிறது. ஜமீன்தார் மனமுவந்து செய்ததை இன்று சட்டம் கடமையாக்கியிருக்கிறது. பத்திரத்தில் இருக்கும் அந்த இடம் தரையிலும் இருக்கிறதா, வேலி போட்டு வேறு யாரும் வைத்திருக்கிறார்களா என்பதை மனை வாங்கும்போதே கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல், பெரியவர்களுக்கு நடைபாதை என்று கேட்டு ஊரே மனுக் கொடுக்கலாம்; உள்ளாட்சியின் முடிவைத் துரத்தலாம்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் மனைத்தொழிலில் இருப்பவர் ஓட்டுக் கேட்டு வந்தால் தயங்காமல் பேசுங்கள். நீங்கள் போட்ட மனைப்பிரிவில் பூங்கா எங்கே, உங்கள் அறக்கட்டளையின் வரவு செலவு எங்கே என்று கேளுங்கள். இரண்டையும் காட்டுகிறவருக்கு ஓட்டுப் போடலாம்.