காட்டைத் தின்னும் பூச்செடி: கண்டுபிடிப்பது எப்படி?

பெங்களூரில் இருந்து சாம்ராஜ்நகர், ஆசனூர், திம்பம் வழியாகப் பஸ்சில் ஊருக்குப் போகிறவர்கள் அந்தப் புதரைப் பார்த்திருப்பார்கள். ரோட்டின் இருபுறமும் மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடக்கும். காடு செழிப்பாக இருக்கிறது என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது.

அதன் பெயர் உண்ணிச்செடி. லண்டானா என்றும் சொல்வார்கள். தாயகம், வெப்பமண்டல அமெரிக்கா. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பூ அழகாக இருக்கிறதே என்று வெள்ளைக்காரர்கள் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டு வந்தார்கள். பிறகு பங்களாக்களுக்கு வேலிச்செடி ஆனது. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காட்டில் போட்டன. அப்புறம் கேட்க வேண்டுமா? நம் நாட்டில் புலிகள் வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கு மேல் இது பரவி விட்டதாக 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

நான்கு பட்டைத் தண்டு

குவார்ட்டர்ஸ் காம்பவுண்டு ஓரத்தில் நிற்பது இதுதானா என்று சந்தேகமா? தண்டைத் தடவிப் பாருங்கள். உருண்டையாக இராது, நான்கு பட்டையாக இருக்கும். வளைந்த சிறு முட்கள் கையைக் கிழிக்கும். இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கும். உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். கசக்கி முகர்ந்தால் காட்டமான நெடி.

வேடிக்கை பூவில்தான். ஒரே கொத்தில் இரண்டு நிறம்! நடுவே புதிதாக மலர்ந்தவை மஞ்சள். ஓரத்தில் உள்ள பழைய பூக்கள் ஆரஞ்சு, சிவப்பு அல்லது ரோஸ். மகரந்தச் சேர்க்கை முடிந்த பூ நிறம் மாறி, "இங்கே தேன் இல்லை" என்று வண்ணத்துப்பூச்சியைத் திருப்பி அனுப்புகிறது. காய் பச்சை, பழம் கருநீலம்.

மாடு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். இலையைத் தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெடும். வெயில் பட்ட இடத்தில் தோல் புண்ணாகி உரியும். காட்டிலோ இந்தப் புதருக்கு அடியில் புல் முளைப்பது அரிது. மானும் காட்டெருமையும் எங்கே போய் மேயும்?

வெட்டினால் மட்டும் சாகாது, மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து விட வேண்டும். பழம் விடுவதற்கு முன்பே செய்வது நல்லது.

மாதேஸ்வரன் மலை சோலிகர்கள் இதிலும் ஒரு பிழைப்பைக் கண்டார்கள். தண்டை வேகவைத்து, தோலுரித்து, பிரம்பு போலவே நாற்காலி முடைகிறார்கள். ஆனாலும் அவர்கள் வெட்டுவதைவிட வேகமாக அது வளர்கிறது. நர்சரிகளில் இதன் குள்ள வகையைத் தொட்டியில் வைத்து விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் ஓர் இலையைக் கசக்கிப் பாருங்கள்.