கடைசி ஆள் குளிக்கும் முன்பே கீஸரை ஆஃப் செய்யுங்கள்! - கரன்ட் பில்லைக் குறைக்கும் டைமர் கணக்கு

வாசலில் ஆட்டோ நிற்கும். வீட்டைப் பூட்டி நான்கு படி இறங்கியதும் யாராவது கேட்பார்கள், ''கீஸரை ஆஃப் பண்ணியாச்சா?'' யாருக்கும் நினைவிருக்காது. மறுபடி பூட்டைத் திறந்து பாத்ரூம் வரை ஓட வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பல வீடுகளில் இதுதான் காலைக் காட்சி.

இந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் வைஃபை கீஸரும் ஸ்மார்ட் ப்ளக்கும் வந்திருக்கின்றன. மொபைலில் நேரத்தைக் குறித்துவிட்டால் தானாக ஆன் ஆகி, தானாக ஆஃப் ஆகும். ஆனால், 'காலை 5 முதல் 9 வரை' என்று மொத்தமாகப் போட்டு வைத்தால் பில்லில் பெரிய மாற்றம் தெரியாது. ஏன்?

15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 0.6 யூனிட் ஆகும். 2,000 வாட் கீஸருக்கு அது 20 நிமிட வேலை. 25 லிட்டர் என்றால் 1 யூனிட், அரை மணி நேரம். சூடானதும் தெர்மோஸ்டாட் தானே மின்சாரத்தை நிறுத்திவிடும். எனவே, மறந்துபோய் எட்டு மணி நேரம் ஆனில் விட்டால் 16 யூனிட் போய்விடும் என்ற பயம் தேவையில்லை.

உண்மையான வீண் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. கடைசி ஆள் வெந்நீரைப் பிடிக்கப் பிடிக்க, டேங்க்கில் பச்சைத் தண்ணீர் நிரம்பும். கீஸர் ஆனில் இருந்தால் அதையும் முழுதாகச் சுட வைத்துவிடும். குளிக்க ஆள் இல்லை. அந்தச் சூடு சும்மாவே ஆறும், ஆற ஆற கீஸர் மறுபடி சுட வைக்கும்.

எவ்வளவு ஆறும் என்பது கீஸர் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளிலேயே இருக்கிறது. தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் 45 டிகிரி வித்தியாசம் இருந்தால், 24 மணி நேரத்தில் எத்தனை யூனிட் வீணாகும் என்று அச்சிட்டிருப்பார்கள். உதாரணத்துக்கு 0.6 என்றிருந்தால், நம் ஊர் வெப்பநிலையில் நாள் முழுக்க ஆனில் கிடக்கும் கீஸர் இரண்டு மாதத்தில் 25 யூனிட்டுக்கு மேல் தின்றுவிடும்.

முதல் ஆள் 6 மணிக்குக் குளிப்பார் என்றால் 5.40-க்கு ஆன் ஆனால் போதும். கடைசி ஆள் 7.30-க்கு என்றால் 7.25-க்கே ஆஃப் ஆகட்டும். டேங்க்கில் இருக்கும் 60 டிகிரி தண்ணீரில் 8 லிட்டர் எடுத்து விளாவினாலே ஒரு பெரிய பக்கெட் நிறைய, இதமான சூட்டில் தண்ணீர் கிடைத்துவிடும்.

ஏற்கெனவே கையாலேயே ஒழுங்காக ஆஃப் செய்பவர்களுக்கு இது தண்டச் செலவுதான். 25 யூனிட்டை மிச்சப்படுத்த ஆயிரம் ரூபாயை ஒட்டிச் செலவழித்து ப்ளக் வாங்கினால், போட்ட காசு திரும்ப நாளாகும். ஆனால், பில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகளின் கதை வேறு. அந்தக் கோட்டைத் தாண்டினால், 100-க்கு மேலுள்ள தொடக்க யூனிட்டுகளுக்கும் கூடுதல் கட்டணம் விழும். அங்கே 25 யூனிட் பெரிய விஷயம்.

வாங்குவதாக இருந்தால் 16 ஆம்பியர் ஸ்மார்ட் ப்ளக்தான் வேண்டும். 2,000 வாட் கீஸரே 9 ஆம்பியர் வரை இழுக்கும். 6 ஆம்பியர் ப்ளக் உருகிவிடும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீஸருக்கு டைமரே தேவையில்லை. தண்ணீரின் சூட்டை 50 டிகிரிக்குக் கீழே குறைத்து நாள்கணக்கில் தேக்கி வைப்பதும் சரியல்ல, கிருமிகள் வளரலாம்.

இன்னொன்று... கரன்ட் போய்த் திரும்பி வரும்போது ப்ளக் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று ஆப்பில் கேட்கும். அதை 'ஆஃப்' என்று மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால், பகல் 11 மணிக்குப் பூட்டிய வீட்டில் கீஸர் தானாகத் தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டிருக்கும்.