சிலிண்டரில் கேஸ் இருக்கு… அடுப்பு ஏன் எரியலை? கேரவன் பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் ஒரு மார்ச் மாதக் காலை. வெளியே உறைபனி. டீ போடலாம் என்று கேரவன் அடுப்பைத் திருகினால் பற்றவே மாட்டேன் என்கிறது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் கனக்கிறது. ஆட்டினால் உள்ளே திரவம் தளும்பும் சத்தமும் கேட்கிறது. கேஸ் இருக்கு, ஆனா வரலை. ஏன்?

நம்மூரில் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. பிரிட்டனில் அது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் குட்டி வீடு. சமையல், வெந்நீர், ஹீட்டர், சில நேரம் ஃப்ரிட்ஜ்கூட கேஸில்தான் ஓடும். வேலைக்காக அங்கே போனவர்கள் நாலு நாள் லீவுக்கு இதை வாடகைக்கு எடுத்தால், சிக்கல் வரும்போது பக்கத்தில் மெக்கானிக் இருக்க மாட்டார்.

முதல் சந்தேகம் குளிர் மேல்

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியானால்தான் அடுப்புக்கு வரும். பியூட்டேன் கிட்டத்தட்ட 0 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை தாங்கும். பிரிட்டனில் பெரும்பாலும் நீல சிலிண்டரில் இருப்பது பியூட்டேன், சிவப்பில் இருப்பது புரொப்பேன். உறைபனியில் நீல சிலிண்டரோடு போனால் அது நிறைந்திருந்தும் பிரயோஜனமில்லை. நம் வீட்டு சிலிண்டரில் இரண்டும் கலந்தே வருகின்றன. சென்னை வெயிலில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பதால் நம்மில் பலருக்கு இது புதுசு.

தீர்வு, சிவப்புக்கு மாறுவது. இரண்டுக்கும் இணைப்பு வேறு என்பதால் டியூபையும் மாற்ற வேண்டியிருக்கும். இப்போதைய கேரவன்களில் சுவரில் பொருத்திய 30 மில்லிபார் ரெகுலேட்டர் இரண்டு கேஸுக்கும் பொருந்தும். பழைய வண்டிகளில் அப்படியில்லை, பியூட்டேனுக்கு 28, புரொப்பேனுக்கு 37 மில்லிபார் என்று தனித்தனி ரெகுலேட்டர். ஒன்றை இன்னொன்றுக்கு மாட்டக் கூடாது. சிலிண்டரைத் தீயில் காட்டிச் சூடாக்கும் யோசனை வந்தால், அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஒன்றா, எல்லாமா?

குளிர் காரணமில்லை என்றால், கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அடுப்பு நன்றாக எரிகிறது, ஹீட்டர் மட்டும் ஓடவில்லை என்றால் சிலிண்டரைக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனியாக ஒரு மூடு வால்வு, பெரும்பாலும் சமையல் அலமாரிக்குள் இருக்கும். கைப்பிடி குழாய்க்குக் குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். பொருட்களை அடுக்கும்போது கைபட்டுத் திரும்பியிருக்கலாம்.

எதுவுமே எரியவில்லையா? சிலிண்டரை இப்போதுதான் மாற்றியிருந்தால் குழாயில் காற்று நின்றிருக்கும். முதலில் அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். பற்றிய பிறகும் திருகை 10, 15 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு உணரி சூடானால்தான் வால்வு திறந்தே நிற்கும். கையை உடனே எடுத்துவிட்டு, ‘அணைஞ்சு அணைஞ்சு போகுது’ என்று புலம்புவதில் பயனில்லை. சிலிண்டர் வால்வைப் படாரென்று திறந்தாலும் சில வண்டிகளில் பாதுகாப்பு வால்வு தானாகவே மூடிக்கொள்ளும். மூடிவிட்டு மெதுவாகத் திறக்க வேண்டும். ரீசெட் பட்டன் இருந்தால் அதையும் அழுத்த வேண்டும்.

இன்னொரு சோதனை: ஒரு பர்னரை எரியவிட்டு, இரண்டாவதையும் ஹீட்டரையும் போடுங்கள். முதல் தீ சுருங்கினால் கேஸ் போதுமான அளவு வரவில்லை. சிலிண்டர் காலியாகியிருக்கலாம், அல்லது ரெகுலேட்டர் அடைத்திருக்கலாம். ரப்பர் டியூபிலிருந்து கசியும் எண்ணெய்ப் பிசுக்கு ரெகுலேட்டருக்குள் சேர்ந்து அடைப்பது கேரவன்களில் தெரிந்த பிரச்னை. அதைக் கழற்றித் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். புதிதாகப் பொருத்தும்போது ரெகுலேட்டர் சிலிண்டர் வால்வைவிட உயரத்தில் இருக்க வேண்டும். டியூப் நடுவில் தொய்யாமல் சிலிண்டரை நோக்கிச் சரிந்திருந்தால் பிசுக்கு மேலே ஏறாது. டியூபில் அச்சிட்ட தேதியையும் பாருங்கள்.

கை வைக்கக் கூடாத இடம்

கேஸ் வாடை வந்தால் சோதனையெல்லாம் கிடையாது. சிலிண்டரை மூடி, கதவைத் திறந்து, ஸ்விட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியே வர வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். அது வெளியேறத்தான் கேரவன் தரையில் ஓட்டைகள் இருக்கின்றன. குளிர்காற்று வருகிறது என்று கார்ப்பெட் போட்டு மூடுவதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை.

தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து, பாத்திரத்தில் கரி படிந்தால் கார்பன் மோனாக்சைடு உருவாகலாம். அதற்கு வாடையே கிடையாது. தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் தூக்கக் கலக்கம் என்று படுத்துவிடாமல் வெளியே வந்து மருத்துவ உதவி கேட்க வேண்டும். அடுப்பை ஹீட்டராகப் பயன்படுத்துவதும், பார்பெக்யூவை உள்ளே கொண்டுவருவதும் கூடவே கூடாது.

குழாய், ரெகுலேட்டர், ஹீட்டர் பழுதுக்கு, பிரிட்டனில் ‘கேஸ் சேஃப்’ பதிவுபெற்ற, எல்பிஜி கேரவன் வேலைக்குத் தகுதியுள்ளவரைத்தான் அழைக்க வேண்டும். வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதே கடைசியாக எப்போது கேஸ் சோதனை நடந்தது, உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று கேட்டு, அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அங்கேயே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.